மன்னிக்கும் உரிமை யாருக்கு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



2013ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆம் திகதியை நம்மில் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டோம். மூதூரிலிருந்து பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்ற ஓர் ஏழைச் சகோதரிக்கு அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரது பொறுப்பில் விடப்பட்டிருந்த பச்சிளங் குழந்தையொன்று 2005ஆம் ஆண்டு உயிரிழந்ததே வழக்கின் காரணம். 2007இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. அதன் பின்னர் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டின் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் துஆக்கள் கேட்கப்பட்டன. நமது நாட்டு ஜனாதிபதி சவூதி மன்னருக்குக் கருணை வேண்டுகோள் விடுத்தார். ஆயினும், மன்னிக்கும் அதிகாரம் குழந்தையின் பெற்றோருக்கே உரியது என்ற பதிலே கிடைத்தது. பெற்றோர் மன்னிக்கவில்லை.

அந்நாட்களில் மாற்றுமதச் சகோதரர்கள் பலர், "ஒரு நாட்டின் மன்னரால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியாதா? இதென்ன சட்டம்?" என்று நம்மிடம் வினவினர். நம்மவர்களுள்ளும் சிலர் விடை தெரியாது தலைகுனிந்தனர். வேறு சிலரோ, "ஷரீஆவின் தீர்ப்பு அதுதான், அதற்கு மேல் பேச்சில்லை" என்று கூறி உரையாடலை முடித்துக்கொண்டனர். இவ்விரு சாராரும் இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தின் ஒரு முக்கியமான வாயிலைத் திறந்து பார்க்கத் தவறிவிட்டனர். கொலைக் குற்றத்தில் மன்னிக்கும் உரிமை யாருக்குரியது? இஸ்லாமும் இன்றைய நாட்டுச் சட்டங்களும் அதற்கு அளிக்கும் விடைகள் யாவை? இவற்றையே இன்றைய உரையில் இன்ஷா அல்லாஹ் நோக்குவோம்.

முதலில் நாம் வாழும் இந்நாட்டின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்டது. இந்தியாவுக்கென மெக்காலே பிரபு வரைந்த சட்டத்தை அடியொற்றியது. இதன்படி குற்றம் என்பது அரசுக்கு எதிரான செயலாகும். ஒருவர் கொல்லப்பட்டால் வழக்கைத் தொடுப்பவர் சட்டமா அதிபர். கொல்லப்பட்டவரின் மனைவியோ தாயோ அவ்வழக்கில் ஒரு தரப்பினர் ஆகார். சாட்சிகளாக மாத்திரமே மன்றுக்கு வருவர். அவர்கள் மன்னித்தாலும் கொலை வழக்கு நிற்பதில்லை. மன்னிக்க மறுத்தாலும் தண்டனை கூடுவதில்லை.

இவ்வேற்பாட்டில் நன்மை இல்லையென நாம் கூறிவிட முடியாது. வழக்குத் தொடுக்க வசதியற்ற ஏழைக்கும் அரசு தன் செலவில் நீதி தேடித் தருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கொலையாளியின் ஆட்கள் மிரட்டிப் பணியவைத்தாலும் வழக்கு தானாக முடிந்துவிடுவதில்லை. பழிக்குப் பழி என்று ஊர்கள் பிளவுபடுவதையும் இது தடுக்கிறது. ஆனால், மிகப்பெரிய இழப்பைச் சுமந்தவரின் குரலுக்கு இதில் இடம் எங்கே என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

நேயர்களே! இஸ்லாமியச் சட்டவறிஞர்கள் குற்றங்களை மூன்று வகையாகப் பிரித்து நோக்குவர். முதலாவது, ஹுதூத். திருட்டு, வழிப்பறி, விபசாரம், அவதூறு போன்ற, அல்குர்ஆனும் ஸுன்னாவும் தண்டனையை வரையறுத்துக் கூறிய குற்றங்கள் இவை. இவற்றில் அல்லாஹ்வின் உரிமை மேலோங்கி நிற்கிறது. அதாவது சமுதாயம் முழுவதினதும் நலன் இவற்றோடு பிணைந்துள்ளது. இரண்டாவது, கிஸாஸும் தியாவும். கொலையும் காயப்படுத்தலும் இதில் அடங்கும். கிஸாஸ் என்பது இழைக்கப்பட்ட தீங்குக்குச் சமமான தண்டனை. தியா என்பது உயிருக்குரிய ஈட்டுத்தொகை. இங்கு அடியானின் உரிமை மேலோங்கி நிற்கிறது. மூன்றாவது, தஃஸீர். வரையறுக்கப்பட்ட தண்டனை இல்லாத ஏனைய குற்றங்களுக்கு நீதிபதியும் ஆட்சியாளரும் நிலைமைக்கேற்ப விதிக்கும் தண்டனை இது. இன்றைய சட்டக்கோவைகளில் காணப்படும் குற்றங்களுள் பெரும்பாலானவை இவ்வகைக்குள் வந்துவிடும்.

முதலாவது வகைக்கும் இரண்டாவது வகைக்கும் உள்ள வேறுபாட்டை இரு சம்பவங்கள் தெளிவாக்குகின்றன. ஸஃப்வான் பின் உமையா (ரழி) அவர்கள் பள்ளிவாசலில் உறங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் அவர்களது மேலாடையைத் திருடினான். அவன் பிடிக்கப்பட்டு நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டான், தண்டனையும் தீர்ப்பாயிற்று. ஸஃப்வான் (ரழி) மனமிளகி, அந்த ஆடையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகக் கூறினார்கள். அவனை என்னிடம் கொண்டுவருவதற்கு முன்னரே அதைச் செய்திருக்கலாமே என்ற கருத்துப்பட நபியவர்கள் பதிலளித்தார்கள். அதாவது, அண்டை அயலார் தமக்குள் மூடி மறைத்து மன்னித்துக்கொள்ள இடமுண்டு. விடயம் மன்றை எட்டிய பின்னர் ஹுதூத் குற்றத்தை உரிமையாளரும் மன்னிக்க முடியாது.

மற்றைய சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நழ்ரின் மகள் ருபைய்யிஃ (ரழி) அவர்கள் ஒரு பெண்ணின் முன்பல்லை உடைத்துவிட்டார்கள். ருபைய்யிஃ அன்ஸாரிகளுள் மதிப்புமிக்க குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்களது குடும்பத்தார் மன்னிப்பு வேண்டினர்; மறுக்கப்பட்டது. நட்டஈடு தர முன்வந்தனர், அதுவும் மறுக்கப்பட்டது. வழக்கு நபியவர்களின் முன் வந்தபோது, அல்லாஹ்வின் வேதம் விதிப்பது கிஸாஸே என்று கூறிவிட்டார்கள். இறுதியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பத்தாரே மனமிரங்கி விட்டுக்கொடுத்தனர். அதன் பிறகே தண்டனை நீங்கியது. சிந்தித்துப் பாருங்கள். மதீனாவின் ஆட்சித் தலைவராகவும் அல்லாஹ்வின் தூதராகவும் இருந்த நபியவர்கள், அப்பெண்ணின் குடும்பத்துக்குரிய உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மன்னரால் ஏன் மன்னிக்க முடியவில்லை என்ற கேள்விக்கான விடையின் வேர் இங்குதான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு எவ்விதச் சூழலில் அருளப்பட்டது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஜாஹிலிய்யாக் காலத்து அறபிகளிடம் கொலைக்கு எல்லை கிடையாது. ஒரு கோத்திரத்தில் ஒருவன் கொல்லப்பட்டால், கொன்றவனுக்குப் பதிலாக அவனது கோத்திரத் தலைவனைத் தேடினர். ஒருவனுக்குப் பதிலாகப் பலரைக் கொன்றனர். ஒட்டகமொன்றின் பொருட்டு மூண்ட பஸூஸ் யுத்தம் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக அறபு வரலாறு கூறும். இந்நிலையிலேயே, கொலையாளி மாத்திரமே பொறுப்பாளி, ஓர் உயிருக்கு ஓர் உயிருக்கு மேல் இல்லை என்ற வரம்பு இறங்கியது. ஹிஜ்ரி 10இல், தமது இறுதி ஹஜ் பேருரையில் நபியவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்து இரத்தப் பழிகள் யாவும் தள்ளுபடியாகிவிட்டன என்று அறிவித்தபோது, முதலாவதாகத் தள்ளுபடி செய்தது தமது சொந்தக் குடும்பத்தின் இரத்தப் பழியையே. ஹாரிஸின் மகன் ரபீஆவுடைய பிள்ளையின் கொலைக்குரிய பழி அது.

ஸூரத்துல் பகராவின் 178ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா கிஸாஸைக் கடமையாக்கிய அதே இடத்தில் மன்னிப்பின் கதவையும் திறந்துவைக்கிறான். கொல்லப்பட்டவரின் வாரிசை அவ்வசனம் கொலையாளியின் சகோதரர் என்று குறிப்பிடுவதை முஃபஸ்ஸிரீன்கள் எடுத்துக்காட்டுவர். இரத்தம் இன்னும் காயாத வேளையிலும் சகோதரத்துவத்தை நினைவூட்டுகிறது இறைவசனம். ஸூரத்துல் மாஇதாவின் 45ஆம் வசனம், பழிவாங்கும் உரிமையைத் தர்மமாக விட்டுக்கொடுப்பது பாவங்களுக்குப் பரிகாரமாகும் எனக் கூறுகிறது. ஆக, வாரிசுகளின் முன் மூன்று வழிகள் உள்ளன. கிஸாஸைக் கோரலாம், தியாவைப் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம், எதுவும் பெறாமலேயே மன்னித்துவிடலாம். கிஸாஸுக்குரிய வழக்கு எதுவும் நபியவர்களிடம் கொண்டுவரப்பட்டால் அவர்கள் மன்னிக்கும்படி ஆலோசனை கூறாமல் இருந்ததைத் தாம் கண்டதில்லை என அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நபியவர்கள் மன்னிக்குமாறு ஆலோசனை கூறினார்கள். ஆனால் மன்னிக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை. வாரிசுகள் பலர் இருப்பின், அவர்களுள் ஒருவர் மன்னித்துவிட்டாலும் கொலைத் தண்டனை நீங்கிவிடும் என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவாகும்.

உரிமை உள்ளவரும் வரம்பு மீறலாகாது. ஸூரா பனூ இஸ்ராயீலின் 33ஆம் வசனம் வாரிசுக்கு அதிகாரம் அளித்த கையோடு, கொலையில் அத்துமீற வேண்டாம் என எச்சரிக்கிறது. ஹிஜ்ரி 40, ரமழான் மாதத்தில் கூபா நகரில் இப்னு முல்ஜம் என்பவனின் நச்சு வாளால் வெட்டப்பட்டுக் கிடந்த அலீ (ரழி) அவர்கள் சொன்னவற்றை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. கைதிக்கு நல்லுணவு கொடுக்குமாறும், தாம் உயிர் பிழைத்தால் அவனது விடயத்தைத் தாமே தீர்மானிப்பதாகவும், தாம் இறந்துவிட்டால் ஒரே வெட்டுக்கு ஒரே வெட்டு என்பதைத் தாண்ட வேண்டாமென்றும், உடலைச் சிதைக்க வேண்டாமென்றும் தம் பிள்ளைகளுக்கு அவர்கள் வஸிய்யத் செய்தார்கள். தன்னைக் கொன்றவனின் பசியைப் பற்றி நினைத்த உள்ளம் அது.

வாரிசுகளே இல்லாதவர் கொல்லப்பட்டால்? அங்குதான் ஆட்சியாளர் வருகிறார். வலீ இல்லாதவரின் வலீயாக. உமர் (ரழி) அவர்கள் கொலையுண்ட வேளையில், ஆத்திரத்தால் அறிவிழந்த அவர்களது மகன் உபைதுல்லாஹ், ஹுர்முஸான் என்ற பாரசீகரைக் கொன்றுவிட்டார். மதீனாவில் அவருக்கு வாரிசுகள் இல்லையெனக் கண்ட கலீபா உஸ்மான் (ரழி), அவரது வலீயாக நின்று தியாவை ஏற்று, அத்தொகையைத் தமது சொந்தச் செல்வத்திலிருந்து செலுத்தியதாக வரலாறு கூறுகிறது. மன்னிப்பதாயின் அதன் பாரத்தையும் தானே சுமக்க வேண்டும் என்பது கலீபாவின் பண்பு.

இனி, நாட்டுச் சட்டங்களில் மன்னிப்பின் நிலையைப் பார்ப்போம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2015ஆம் ஆண்டு பீட்ஸா விநியோகிக்கச் சென்ற ஒரு முஸ்லிம் இளைஞர் கொல்லப்பட்டார். 2017 நவம்பரில் தண்டனை வழங்கப்பட்ட வேளை, அவரது வயது முதிர்ந்த தந்தை நீதிமன்றில் எழுந்து, குற்றவாளியை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்; அவனைக் கட்டியணைத்தார். மன்றிலிருந்தோர் கண்கலங்கினர். ஆயினும் 31 ஆண்டுச் சிறைத் தண்டனை அவ்வாறே விதிக்கப்பட்டது. அத்தந்தையின் மன்னிப்பு உள்ளங்களை அசைத்தது. தீர்ப்பை அசைக்க அச்சட்டத்தில் அதற்கு இடமில்லை. மாறாக, 2014 ஏப்ரலில் ஈரானின் நவ்ஷஹ்ர் நகரில், கழுத்தில் சுருக்குப் போடப்பட்டு நின்ற இளைஞனிடம் கொலையுண்டவனின் தாய் சென்றார். அவனது கன்னத்தில் ஓர் அறை அறைந்தார். பின்னர் தன் கணவருடன் சேர்ந்து அச்சுருக்கைத் தானே கழற்றினார். ஒரு தாயின் கையசைவில் ஓர் உயிர் திரும்பி வந்தது.

நமது நாட்டில் கொலைக் குற்றவாளிக்கு மன்னிப்பளிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையால் ஜனாதிபதிக்கு வழங்கப்பட்டுள்ளது. மரண தண்டனைக் கைதியாயின் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும், சட்டமா அதிபரின் ஆலோசனையும், நீதி அமைச்சரின் விதப்புரையும் பெறப்பட வேண்டுமென அவ்வுறுப்புரை கூறுகிறது. கொல்லப்பட்டவரின் குடும்பம் அதில் இடம்பெறவில்லை. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் மிருசுவிலில் ஒரு சிறு குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர், 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் விடுதலையானார். கொழும்பில் இளம்பெண்ணொருவரைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த மற்றொருவருக்கு 2019 நவம்பரில் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதனை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. இழந்தவர்கள் இவ்விரு மன்னிப்புகளையும் கேட்கவுமில்லை, அவற்றுக்கு இணங்கவுமில்லை. தன் பிள்ளையைப் புதைத்த தாயின் சார்பில் இன்னொருவர் மன்னிக்கலாமா? இக்கேள்வி முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி எல்லோர் நெஞ்சிலும் எழக்கூடியது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஷரீஆ அதற்கு விடையளித்துவிட்டது.

உலகின் சட்டங்களும் இத்திசையில் மெல்ல நகர்வதைக் காண்கிறோம். நியூஸிலாந்து 1989இல் இயற்றிய சட்டத்தின் மூலம் குற்றமிழைத்த சிறுவர்களையும் பாதிக்கப்பட்டோரையும் இரு தரப்புக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் அமரச் செய்து பரிகாரம் காணும் முறையை ஏற்படுத்தியது. இலங்கையிலும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் நிறைவேறியது. அதற்குப் பதிலாக 2023இல் விரிவான புதிய சட்டமொன்று வந்தது. பாதிக்கப்பட்டவரின் குரலுக்குச் சட்டம் செவிசாய்க்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

நேயர்களே! நியாயமாகப் பேசுவதாயின், மறுபக்கத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். வாரிசுகளுக்குரிய இவ்வுரிமை மனிதர்களால் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதில்லையா? செய்யப்பட்டதுண்டு. 2011 ஜனவரியில் லாஹூரில் இருவரைச் சுட்டுக் கொன்ற அமெரிக்கர் ஒருவர், வாரிசுகளுக்குத் தியா வழங்கப்பட்டதன் பேரில் மார்ச் மாதத்திலேயே நாடு திரும்பினார். அக்குடும்பங்கள் நிர்ப்பந்திக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. பாகிஸ்தானில் 1990இல் கிஸாஸ், தியாச் சட்டம் கொண்டுவரப்பட்ட பின்னர், மானம் காப்பதாகக் கூறித் தம் பெண்களையே கொன்றோர், வாரிசுகளாகிய தந்தையும் சகோதரரும் மன்னித்துவிட்டனர் என்று கூறித் தப்பினர். கொன்றவனும் மன்னிப்பவனும் ஒரே வீட்டார் எனில் அங்கு நீதி எங்கே? எனவேதான் 2016இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், இவ்வகைக் கொலையில் குடும்பத்தார் மன்னித்தாலும் ஆயுட்காலச் சிறை உண்டு எனச் சட்டத்தைத் திருத்தியது.

இத்திருத்தம் ஷரீஆவுக்கு முரணானது எனச் சிலர் வாதிட்டனர். ஆனால் நமது முன்னோர்களான ஃபுகஹாக்கள் இந்த அபாயத்தை முன்னரே உணர்ந்திருந்தனர். மன்னிக்கப்பட்ட கொலையாளிக்கும் நூறு கசையடியும் ஓராண்டுச் சிறையும் உண்டு என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. வஞ்சித்து அழைத்துச் சென்று பொருளுக்காகக் கொல்லும் 'கீலா' எனும் கொலையில் வாரிசுகளின் மன்னிப்புக்கே இடமில்லை என்பதும் மாலிகி மத்ஹபின் நிலைப்பாடாகும். வாரிசு மன்னிப்பது தன் உரிமையை. சமுதாயத்தின் உரிமையை அவரால் மன்னிக்க இயலாது. அதனை நிலைநாட்டுவதற்கே தஃஸீர் எனும் கதவு திறந்திருக்கிறது. ஆகவே, செல்வந்தன் பணத்தை எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியேறுவதற்கு ஷரீஆவின் பெயரால் யாரும் வழிவிட்டால், அது ஆட்சியாளரின் தவறே தவிர ஷரீஆவின் குறையாகாது.

மன்னிப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். எனினும், மன்னிப்பு எனும் வாயிலுக்கு முன் இன்னொரு வாயில் இருக்கிறது. அதுவே நிரூபணம். குற்றம் ஐயமற நிலைநாட்டப்பட்ட பின்னர்தான் மன்னிப்பதா, இல்லையா என்ற கேள்வி பிறக்க வேண்டும். மாஇஸ் (ரழி) அவர்கள் தாமே முன்வந்து தம் பாவத்தை ஒப்புக்கொண்டபோது, நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்கு முறை அவர் ஒப்புக்கொண்ட பின்னரும், இவருக்குச் சித்தசுவாதீனம் உண்டா, மது அருந்தியிருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே அளிக்க வேண்டும். தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேலானது என்பது நபிமொழிகளிலிருந்தும் ஸஹாபாக்களின் கூற்றுகளிலிருந்தும் இமாம்கள் பெற்ற விதி. அச்சுறுத்திப் பெற்ற வாக்குமூலம் வாக்குமூலமாகாது என்பது ஃபுகஹாக்களின் பொதுவான நிலைப்பாடு. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க இயலாது எனக் கூறுவதும் இதே அச்சத்தினால்தான்.

மேலும், கொலைகள் யாவும் ஒன்றல்ல. வேண்டுமென்றே செய்த கொலைக்கு மாத்திரமே கிஸாஸ். தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கு ஸூரத்துன் னிஸாவின் 92ஆம் வசனம் விதிப்பது தியாவும் கப்பாராவும் ஆகும். அங்கு உயிருக்கு உயிர் என்ற பேச்சே இல்லை.

இப்போது மூதூர்ச் சகோதரியின் வழக்குக்கு மீண்டும் வருவோம். சம்பவம் நிகழ்ந்தது அவர் சவூதி சென்ற சில வாரங்களுக்குள். கடவுச்சீட்டு அவரை 23 வயதினர் எனக் காட்டியது. ஊரிலிருந்த பிறப்புச் சான்றிதழோ 17 வயது எனக் கூறியது. பாலூட்டும்போது குழந்தைக்குப் புரையேறியது என்பது அவரது வாதம். முதலில் அளித்த ஒப்புதல் நிர்ப்பந்தத்தினால் பெறப்பட்டது என அவர் பின்னர் மறுத்தார். அவ்வேளை அவருக்குச் சட்டத்தரணியும் இல்லை, தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரும் இருக்கவில்லை என மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. நாம் அங்கு நீதிபதியாக அமர்ந்தவர்கள் அல்லர். மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. குழந்தையை இழந்த அப்பெற்றோரின் துயரமும் சிறியதன்று. கிஸாஸைக் கோரியமைக்காக அவர்களைப் பழிப்பது நமக்கு முறையுமன்று. ஆனால், ஷரீஆவின் அளவுகோலைக் கொண்டே கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. மொழி அறியாத ஒருவரின் ஒப்புதலை எவ்வளவு தூரம் நம்பலாம்? அது வேண்டுமென்றே செய்த கொலையா, தவறுதலா என்ற ஐயம் முற்றாக நீங்கியதா? இக்கேள்விகளைக் கேட்பது ஷரீஆவை எதிர்ப்பதாகாது. நபியவர்கள் மாஇஸ் (ரழி) அவர்களிடம் கேட்டவையும் இத்தகைய கேள்விகளே. அத்துடன், பிள்ளையின் வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டுப் பெற்றுக்கொடுத்து அனுப்பிய கைகள் இந்நாட்டில்தான் இருந்தன என்பதையும், வறுமையில் வாடிய ஒரு வீட்டை அதன் சமுதாயம் கவனிக்கத் தவறியது என்பதையும் நாம் மறக்கலாகாது. திருட்டுக்குரிய தண்டனையைப் பஞ்ச காலத்தில் உமர் (ரழி) அவர்கள் நிறுத்திவைத்தார்கள். வயிற்றை நிரப்பிய பின்னரே சட்டம் கையை நீட்ட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இறுதியாக, இலங்கையில் வாழும் நமக்கு இதில் என்ன படிப்பினை? இந்நாட்டில் குற்றவியல் விடயங்களில் நம்மை ஆள்வது நாட்டின் பொதுச் சட்டமே. ஹுதூதையும் கிஸாஸையும் நிறைவேற்றுவது ஆட்சிக்கும் நீதிமன்றுக்கும் உரிய பணி. தனிமனிதரோ ஊர்க் கூட்டமோ தண்டனையைக் கையிலெடுப்பது ஷரீஆவின் பார்வையிலும் குற்றமாகும். எனினும், மன்னிக்கும் உரிமை நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. எல்லைக் கற்களுக்காகவும், வாய்த்தர்க்கத்துக்காகவும், ஓர் அடிதடிக்காகவும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிற்கும் சகோதரர்கள் எத்தனை பேர்? 1988ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கே உள்ளன. நாட்டுச் சட்டம் திறந்துவைத்த அக்கதவினூடாகச் சென்று ஸுலுஹு செய்துகொள்வது ஸுன்னாவை உயிர்ப்பிப்பதுமாகும்.

மற்றுமொரு விடயம். நமது வீதிகளில் நாள்தோறும் விபத்துகளில் உயிர்கள் பலியாகின்றன. சாரதி ஒருவரின் கவனக்குறைவால் ஓர் உயிர் பிரிந்துவிட்டால், நீதிமன்றம் அபராதம் விதிக்கும், காப்புறுதி நிறுவனம் நட்டஈடு வழங்கும், கோவை மூடப்படும். ஆனால் அல்லாஹ்விடத்தில் அக்கோவை மூடப்படுவதில்லை. தவறுதலாகக் கொன்றவர் மீது கப்பாராவும் கடமையாகிறது. அடிமையை விடுதலை செய்ய வழியற்ற இக்காலத்தில் தொடர்ச்சியாக இரு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். நம்மில் எத்தனை சாரதிகள் இதனை அறிவர்? அத்தகைய நிலை ஏற்பட்டவர்கள் உலமாக்களை அணுகித் தெளிவு பெறட்டும். இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, அவர்களது முகம் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும். சட்டத்தரணி அதற்கு அவசியமில்லை என்று கூறலாம்; ஆனால் நாளை மறுமையில் முதன்முதலாகத் தீர்க்கப்படும் மனிதர்களுக்கிடையிலான வழக்கு இரத்தம் பற்றியது என்பதை நபியவர்கள் நமக்கு அறிவித்துவிட்டார்கள்.

கருணையாளனாகிய அல்லாஹ், நீதியை நேசிப்பவர்களாகவும், உரிமை இருந்தும் மன்னிக்கும் உள்ளம் படைத்தவர்களாகவும் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! அந்நிய மண்ணில் உயிர்நீத்த அச்சகோதரிக்கும், அப்பச்சிளங் குழந்தைக்கும் மேலான சுவர்க்கத்தை வழங்குவானாக! இரு வீட்டாரின் இதயங்களிலும் பொறுமையை இறக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.